கஞ்சிக்குத் தூக்குவாளி

(ஷஅபான் மாதப் பொதுக்கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





ரமலான் பிறைக்கு இன்னும் 3 வாரம்கூட இல்லை. வழக்கமாக இந்தக் கூட்டத்தில் ஜக்காத் விண்ணப்பம், கல்வி உதவி, பெருநாள் துணி ஆகியவற்றைப் பற்றித்தான் பேசுவோம். அவற்றைப் பொருளாளர் எனக்குப் பிறகு விவரமாகச் சொல்வார். எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்தில் நான் பேசப்போவது, நோன்புக் கஞ்சியை ஊற்றிக் கொடுக்கிறோமே அந்தக் கவரைப் பற்றி. சிரிக்கிறீர்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள், சிரிப்பு குறைந்துவிடும்.

ஒரு பள்ளிவாசலில் ஒரு நாளைக்கு 400 பேர் வீட்டுக்குக் கஞ்சி வாங்கிப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 30 நாளைக்கு 12,000 கவர். சூடு கையில் படாமலிருக்கப் பலர் இன்னொரு கைப்பிடிப் பை கேட்பார்கள். அதையும் சேர்த்தால் 24,000. இப்படி 20 பள்ளிவாசல் இருந்தால் ஏறக்குறைய 5 லட்சம். அஸருக்குப் பிறகு ஊற்றுகிறோம், மஃரிபுக்கு அவிழ்க்கிறார்கள். அந்தக் கவருக்கு நம்மிடம் இருக்கும் வேலை 2 மணி நேரம். அதற்குப் பிறகு அது எத்தனை காலம் மண்ணில் கிடக்கும் என்று நம் பேரப்பிள்ளைகள்தான் பார்க்க வேண்டும்.

இதில் மற்ற கவருக்கும் கஞ்சிக் கவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சோறும் நெய்யும் ஒட்டிய கவரை எந்தப் பழைய பேப்பர் கடைக்காரரும் வாங்கமாட்டார். வாசனைக்கு மாடு வந்து கவரோடு மென்றுவிடும். மாடு விட்டுவைத்தது கால்வாய்க்குப் போகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது கொரட்டூரிலும் அம்பத்தூர் எஸ்டேட்டிலும் தண்ணீர் எப்படி நின்றது என்பதை இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளத்துக்குக் காரணம் கவர் மட்டும்தான் என்று நான் சொல்லவில்லை. ஏரியும் ஏரிக்கு வரும் வாய்க்காலும் சுருங்கியதுதான் பெரிய காரணம். ஆனால் மழை விட்ட பிறகு வடிகால் மூடியைத் திறந்து இளைஞர்கள் கையால் அள்ளியெடுத்தது என்னவென்று அவர்களைக் கேளுங்கள்.

குப்பை வண்டி எடுத்துப்போனால் முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து 7-வது மண்டலமானது. அந்தக் குப்பை வடசென்னையில் கொடுங்கையூருக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. 300 ஏக்கருக்கு மேல் பரந்த கிடங்கு அது. அதைச் சுற்றி வாழ்பவர்கள் பெரும்பாலும் கூலி வேலை செய்யும் ஏழைகள். அவர்களில் நம் சமுதாயத்தாரும் உண்டு, மற்றவரும் உண்டு. தீப்பிடிக்கும்போது எழும் புகையை அவர்கள் பிள்ளைகள்தான் சுவாசிக்கிறார்கள். 2019-ல் தனி மாநகராட்சியான ஆவடிக்கும், பூந்தமல்லி நகராட்சிக்கும் கதை வேறில்லை, இடம்தான் வேறு. நம் வீட்டிலிருந்து கழிந்தது இன்னொருவர் வாசலில் இருக்கிறது. வழியில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று மதரஸாவில் சிறு வயதிலேயே படித்திருக்கிறோம். வீண்விரயம் பற்றிய குர்ஆன் வசனங்களை ஹஜ்ரத் அவர்கள் ஜும்ஆவில் விளக்குவார்கள். பயான் செய்வது என் வேலையில்லை, ஏற்பாடு செய்வதுதான் என் வேலை. அதனால் அந்தப் பக்கம் நான் போகவில்லை.

சட்டத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2018 ஜூன் 5 அன்று சட்டமன்றத்தில் அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. கேரி பேக் மட்டும்தான் தடை என்று பலர் நினைக்கிறார்கள். உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பு, தெர்மோகோல் தட்டு, பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், உறிஞ்சு குழல் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நம் வலீமா விருந்துகளில் நடப்பது என்ன என்று நினைத்துப் பாருங்கள்.

இரண்டு பொருளை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்லது செய்வதாக நினைத்தே அவற்றை வாங்குகிறோம். ஒன்று பேப்பர் கப். உள்ளே டீ நிற்கிறதென்றால் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது என்று அர்த்தம். பூச்சுள்ள பேப்பர் கப்பும் பேப்பர் தட்டும் தடைப் பட்டியலில் உண்டு. இன்னொன்று, நிக்காஹ் வீடுகளில் பெயர் அச்சடித்துத் தாம்பூலத்தோடு கொடுக்கிறோமே, துணி மாதிரி இருக்கும் பை. அது துணியே இல்லை. பாலிப்ரொப்பிலின் என்ற பிளாஸ்டிக் இழையைச் சூட்டில் ஒட்டிச் செய்வது. ஒரு மூலையில் தீக்குச்சி வைத்துப் பாருங்கள், துணி கருகும், இது உருகும். அதுவும் அந்தத் தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டதுதான். துணிப்பை கொடுத்தோம் என்ற திருப்தியில் நாம் பிளாஸ்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். நம் தாத்தா காலத்தில் குப்பைத் தொட்டி என்று ஒன்று வீட்டில் இருந்ததா? தகர டின்னில் எண்ணெய் வரும். காலியானதும் தகரக்காரர் அதை வெட்டி முறமாகவும் அரிசி அளக்கும் படியாகவும் செய்துகொடுப்பார். டால்டா டப்பாவில் கறிவேப்பிலைச் செடி வளரும். ஹார்லிக்ஸ் பாட்டில் என்றால் அது ஹார்லிக்ஸுக்காக வாங்கியதா பாட்டிலுக்காக வாங்கியதா என்று சொல்ல முடியாது. பருப்பும் ஊறுகாயும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் இல்லாத தமிழ்நாட்டுச் சமையலறை உண்டா? கோலி சோடா பாட்டிலைக் குடித்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். கையில் எடுத்துக்கொண்டு நகர்ந்தால் கடைக்காரர் பின்னாலேயே வருவார்.

பழைய இரும்புக்கும் ஈயத்துக்கும் பேரீச்சம்பழம் கொடுத்த தள்ளுவண்டிக்காரரை இங்கே இருக்கும் 40 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் தெரியும். ஓட்டைக் குடம், அறுந்த செருப்பு, உடைந்த பிளாஸ்டிக் வாளி எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு விலை இருந்தது. அவர் போய்ப் போடும் இடத்துக்குப் பெயர் காயலான் கடை. காயல்பட்டினத்து முஸ்லிம் வணிகர்கள் பழைய பொருள் வியாபாரத்தில் இருந்ததால் வந்த பெயர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்று மறுசுழற்சி என்று மாநாடு போட்டுப் பேசுகிறார்கள். அந்தத் தொழிலின் தமிழ்ப் பெயரிலேயே நம் ஊர் இருக்கிறது. ஆனால் காயலான் கடை என்ற சொல்லைக் கேலிக்குத்தான் பயன்படுத்துகிறோம். கல்வி உதவி கேட்டு வரும் விண்ணப்பங்களில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் ‘பழைய பேப்பர் வியாபாரம்’ என்று எழுதத் தயங்கி ‘சொந்தத் தொழில்’ என்று எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தயங்க வேண்டிய தொழிலா அது?

இந்தப் பழைய கதைகளில் ஒன்றைக் கவனித்தீர்களா? எந்தக் காலிப் பொருளுக்கு ஒரு விலையோ உரிமையாளரோ இருக்கிறதோ அது திரும்பி வருகிறது. விலையில்லாதது தெருவில் கிடக்கிறது. இதற்கு நம் காலத்திலேயே சாட்சி உண்டு.

ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் போட்டு விற்கும் யோசனை நம் கடலூரில் பிறந்தது. சின்னி கிருஷ்ணன் என்பவர் அதைத் தொடங்கினார். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் தனியாகச் சிக் ஷாம்பூவை ஆரம்பித்தார். ஏழை வீட்டுக்கும் ஷாம்பூ போய்ச் சேர்ந்தது அந்தப் பாக்கெட்டால்தான், அதை மறுக்க முடியாது. அந்தப் பாக்கெட்தான் இன்று எந்தக் கடைக்காரரும் வாங்காத குப்பை என்பதும் உண்மை. ஆனால் விற்பனையைப் பெருக்க அவர் ஒரு திட்டம் போட்டார். எந்தக் கம்பெனியுடையதானாலும் 5 காலி ஷாம்பூ பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். பிறகு சிக் பாக்கெட் மட்டும்தான் என்று மாற்றினார். குப்பையைக் குறைப்பது அவர் நோக்கமல்ல, வியாபாரம்தான். என்றாலும் கையளவுகூட இல்லாத காலிப் பாக்கெட்டை மக்கள் எண்ணி எடுத்து வைத்துக் கடைக்குக் கொண்டுவந்தார்கள் என்பதை மட்டும் பாருங்கள்.

அடுத்த உதாரணத்தை இந்த மேடையில் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நீலகிரியில் காலி மதுபாட்டில்களைக் காட்டில் உடைத்துப் போட்டதில் யானைகளின் பாதம் கிழிந்தது. சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டதால் 2022-ல் அங்கே ஒரு திட்டம் வந்தது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாயையும் திருப்பித் தருவது. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. அதன் பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் அது பரவியது. அந்தச் சரக்கு நமக்கு ஹராம். அதில் கிடைத்த பாடம் ஹராம் இல்லையே! குடித்துவிட்டு நிற்கிறவரே 10 ரூபாய்க்காகப் பாட்டிலைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருகிறார் என்றால், நோன்பு வைத்திருப்பவர் தூக்குவாளியைத் திருப்பிக் கொண்டுவரமாட்டாரா?

இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். உங்கள் வீட்டு 20 லிட்டர் தண்ணீர் கேன் இருக்கிறதே. முதல் நாள் முன்பணம் கொடுத்தீர்கள். அதற்குப் பிறகு காலி கேன் போகிறது, நிறைந்த கேன் வருகிறது. அம்பத்தூரில் எந்தத் தெருவிலாவது 20 லிட்டர் கேன் குப்பையில் கிடந்து பார்த்திருக்கிறீர்களா? அதே தெருவில் ஒரு லிட்டர் பாட்டில் எத்தனை கிடக்கிறது? இரண்டும் பிளாஸ்டிக்தான், இரண்டிலும் தண்ணீர்தான்.

மறுபயன்பாடு என்றதும் நம் பெண்பிள்ளைகள் பாட்டிலை வெட்டிப் பேனா ஸ்டாண்டும், ஐஸ் குச்சியில் வீடும் செய்து காட்டுகிறார்கள். மாஷா அல்லாஹ், கைத்திறன் வளரட்டும். ஆனால் பள்ளிக்கூடப் புராஜெக்டுக்காகப் புதிதாக 6 பாட்டில் கூல்டிரிங்க் வாங்கி ஊற்றிவிட்டுச் செய்வதை மறுபயன்பாடு என்று நான் ஏற்கமாட்டேன். 2 வாரத்தில் அந்தப் பேனா ஸ்டாண்டும் குப்பைக்குத்தான் போகிறது, இந்த முறை பெயிண்டும் பசையும் சேர்ந்து போவதால் காயலான் கடையும் அதை எடுக்காது. பொருள் தினமும் கையில் புழங்க வேண்டும். 25 கிலோ அரிசி மூட்டை வருகிறதே, அந்தச் சாக்கு எவ்வளவு உறுதி! அதைத் தைத்தால் மார்க்கெட் பை ஆகிறது, 5 வருடம் தாங்கும். நம் தையல் வகுப்பில் சென்ற ஆண்டு முதல் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். தையல் கடைகளில் வெட்டி மிஞ்சும் துணியில் பையும் தைக்கிறார்கள். ஆவடி ஓ.சி.எஃப். தொழிற்சாலையில் சீருடை தைத்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் இருவர் வந்து, மூட்டைச் சாக்குக்கு ஓரம் எப்படி மடிக்க வேண்டும், கைப்பிடிக்குக் குறுக்குத் தையல் எப்படிப் போட வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார்கள். அரசாங்கம் 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்று இயக்கம் ஆரம்பித்து, கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் துணிப்பை தரும் இயந்திரம் வைத்தது. நம் பிள்ளைகள் தைக்கும் பைக்குச் சந்தை இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். பக்கெட் பிரியாணியையும் விட்டுவிட முடியாது. பிரியாணி போன பிறகு அந்த வாளி எத்தனை வருடம் வீட்டில் உழைக்கிறது! நம் மக்களுக்குப் பிடித்த மறுபயன்பாடு அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் எல்லாக் காலிப் பொருளையும் எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள். இதை மட்டும் தாய்மார்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

அம்பத்தூர் எஸ்டேட் 1964-ல் வந்தது. எத்தனையோ குடும்பங்களுக்கு அது சோறு போட்டிருக்கிறது. அங்கேயிருந்தும் மற்ற தொழிற்பேட்டைகளிலிருந்தும் நீல நிற டிரம்கள் வெளியே வந்து, சாலையோரத்தில் அடுக்கி விற்பனையாகின்றன. கோடையில் தண்ணீர் பிடித்து வைக்க மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறோம். அதில் முன்பு என்ன இருந்தது? லேபிளைக் கிழித்துவிட்டுத்தான் விற்கிறார்கள். அமிலமோ, முலாம் பூசும் ரசாயனமோ, சாயமோ, யாருக்குத் தெரியும்? பிளாஸ்டிக்கின் சுவர் தன்னுள் இருந்ததைக் கொஞ்சம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சோப்புப் போட்டு 10 முறை கழுவினாலும் அது முழுவதும் போகாது. வாசல் கழுவ, செடிக்கு ஊற்ற என்றுகூட எனக்குச் சம்மதமில்லை. குடிக்கவும் சமைக்கவும் அறவே கூடாது. உணவுப் பொருள் வந்த டிரம் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். புதிய டிரம் வாங்க முடியாத குடும்பம் இருந்தால் அலுவலகத்துக்கு வந்து சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

இதைவிட ஆபத்தான ஒன்று நம் சமையலறையிலேயே இருக்கிறது. தெருவில் வண்டியில் வருபவரிடம் ஆசிட், கலர் பினாயில் வாங்குகிறோம். எதில் ஊற்றித் தருகிறார்? பழைய தண்ணீர் பாட்டிலிலும் கூல்டிரிங்க் பாட்டிலிலும். அதைச் சமையலறை மேடைக்கு அடியில் வைக்கிறோம். ஆரஞ்சு நிறத்தில் ஒரு பாட்டில் இருந்தால் 4 வயதுக் குழந்தை என்ன செய்யும்? தொண்டையும் உணவுக்குழாயும் வெந்துபோன குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவ உதவிக்காக அலுவலகத்துக்கு வந்த தாய்க்கு என்ன ஆறுதல் சொல்வது? தின்னும் பொருள் வந்த பாட்டிலில் தின்னாத பொருளை ஊற்றவே கூடாது. ஊற்றுபவரிடமும் வாங்காதீர்கள்.

பாத்திரத்துக்கு அடியில் ஒரு முக்கோணமும் அதற்குள் ஓர் எண்ணும் இருக்கும். அதைப் படிக்கப் பழகுங்கள். 1 என்றால் தண்ணீர் பாட்டில், பேரீச்சம்பழ டப்பா வகை. உலர்ந்த பொருள் போட்டு வைக்கலாம், சூடானது ஊற்றக் கூடாது. 2 என்பது கெட்டியான எண்ணெய் கேன் வகை. 5 என்பது பிரியாணி பார்சல் டப்பா வகை. அதைக் கழுவி மசாலா, பருப்பு வைக்கலாம். 6 என்றால் தெர்மோகோல் வகை, சூட்டுக்கு ஆகாது. கறுப்பு கவர் எதிலிருந்து உருக்கிச் செய்தது என்பது விற்பவருக்கே தெரியாது, அதில் இறைச்சி வாங்காதீர்கள். பஜ்ஜி வடையைச் செய்தித்தாளில் வைத்து எண்ணெய் பிழிவதும் வேண்டாம். அச்சு மையில் உடம்புக்கு ஆகாதது இருக்கிறது என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்திருக்கிறது.

பால் கவர் தனிக் கதை. சென்னையில் ஆவின் மட்டும் ஒரு நாளைக்கு 10 லட்சம் லிட்டருக்கு மேல் பால் விற்கிறது, நம் அம்பத்தூர் பால் பண்ணையும் அதில் ஒன்று. அரை லிட்டர் பாக்கெட் கணக்கில் பார்த்தால் 20 லட்சம் கவர். இது நல்ல பிளாஸ்டிக், பழைய பேப்பர் கடையில் எடை போட்டு வாங்குவார்கள். ஒரு வீட்டில் தினம் 2 பாக்கெட் என்றால் வருடத்துக்கு 730 கவர். 2 காரியம் செய்தால் போதும். மூலையை முழுதாக வெட்டித் துண்டாக்காதீர்கள், அந்தச் சின்னத் துண்டை யாராலும் பொறுக்க முடியாது, சாக்கடைக்குத்தான் போகும். பாதி வெட்டி, துண்டு கவரோடேயே தொங்கட்டும். பிறகு ஒரு தடவை அலசி, ஜன்னல் கம்பியில் மாட்டிக் காயவையுங்கள். அலசிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். அலசாத பால் கவர் மறுநாளே நாறும், அதற்குப் பிறகு அதற்கு விலை இல்லை.

இளைஞர்கள் சிலர் என்னிடம், “பாய், எல்லா பிளாஸ்டிக்கையும் தார் ரோட்டில் போட்டுவிடலாமே, மதுரையில் செய்கிறார்களே” என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் அவர்கள் கண்டுபிடித்த முறை அது. ஏறக்குறைய 170 டிகிரிக்குச் சூடாக்கிய ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் துருவலைத் தூவினால் அது உருகிக் கல்லின் மேல் பூச்சாகப் படிகிறது, பிறகு தார் கலக்கிறார்கள். 2002-ல் கல்லூரி வளாகத்திலேயே சாலை போட்டுக் காட்டினார். 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தமிழர் ஒருவரின் சாதனை, சந்தோஷம்தான். ஆனால் அந்தத் துருவல் எங்கிருந்து வர வேண்டும்? யாரோ ஒருவர் பொறுக்கி, மண்ணையும் சோற்றையும் நீக்கி, காயவைத்து, வெட்டிக் கொடுக்க வேண்டும். அந்த யாரோ ஒருவர் யார்? நாம் ஒரே பையில் டயப்பரையும், மீன் கழிவையும், பிஸ்கட் உறையையும் சேர்த்துக் கட்டிப் போட, அதை வெறுங்கையால் பிரிக்கிற தூய்மைப் பணியாளர் அம்மாதான். அவருக்குப் பிரித்துக் கொடுத்தால் உலர்ந்ததை விற்று அன்றைக்கு ஒரு வருமானம் பார்ப்பார். பித்ராவும் ஸதக்காவும் கொடுக்கும் வீட்டுக்கு இது ஒன்றும் பெரிய சிரமமில்லை.

சரி, கஞ்சிக்கு வருகிறேன். நிர்வாகக் குழுவில் 3 முறை கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். நம் அறக்கட்டளை பொறுப்பேற்கும் இடங்களில், இன்ஷா அல்லாஹ், இந்த ரமலானில் கவரில் கஞ்சி கிடையாது. கேரளத்தில் பல பள்ளிவாசல்களில் இஃப்தாருக்கு எவர்சில்வர் தட்டும் டம்ளரும்தான் வைக்கிறார்கள். நம்மால் முடியாத காரியமில்லை.

கூட்டத்திலேயே எதிர்ப்பு வந்தது. வர வேண்டியதுதான். பூந்தமல்லியிலிருந்து வந்த ஒரு பெரியவர் கேட்டார்: “வீட்டில் இருப்பவன் பாத்திரம் எடுத்துவருவான். எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து நேராக வருகிற வடநாட்டுப் பையன் எதை எடுத்துவருவான்? அவனைத் திருப்பி அனுப்புவீர்களா?” இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் கவரை நிறுத்துவது அநியாயம். கஞ்சி வாங்குபவர்களில் அதிகம் தேவையுள்ளவர்களே அவர்கள்தான். பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து ஓர் அறையில் 8 பேர் தங்கியிருக்கிறார்கள், அந்த அறையில் 8 பேருக்கும் சேர்த்து 2 பாத்திரம் இருக்கும். ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பதுதான் முதல் விதி, கவர் கூடாது என்பது இரண்டாவது விதி.

அதனால் 300 எவர்சில்வர் தூக்குவாளி வாங்குகிறோம். நன்கொடையாளர் ஒருவர் பொறுப்பேற்றிருக்கிறார், பெயர் சொல்லக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. பாத்திரம் இல்லாதவர் 50 ரூபாய் முன்பணம் கொடுத்து எண் போட்ட தூக்குவாளியை எடுத்துப்போகலாம். மறுநாள் காலி வாளியைக் கொடுத்தால் நிறைந்த வாளி, தண்ணீர் கேன் மாதிரியேதான். பெருநாளைக்கு முந்தின நாள் வாளியைத் திருப்பினால் 50 ரூபாயும் திரும்பும். 50 ரூபாயும் இல்லாதவருக்குப் பணம் வேண்டாம், பெயரும் போன் நம்பரும் போதும். வாளி தொலையாதா என்று பொருளாளர் கேட்டார். தொலையும். 300-ல் 60 தொலைந்தது என்றே வையுங்கள், 150 ரூபாய் விலையில் 9,000 ரூபாய் நஷ்டம். கவரும் சும்மா வருவதில்லை. கவர், ரப்பர் பேண்ட், கைப்பிடிப் பை எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு 1 ரூபாய் என்று வைத்தாலும் 400 பேருக்கு 30 நாளில் 12,000 ரூபாய். அடுத்த வருடமும் அதே 12,000. வாளிகள் அடுத்த வருடமும் இருக்கும்.

இன்னொரு பெரிய ஆறுதல், சூடான கஞ்சியை மெல்லிய பிளாஸ்டிக்கில் ஊற்றுவது நிற்கிறது. கொதிக்கும் சூடும் நெய்யும் சேர்ந்தால் பிளாஸ்டிக்கில் கலந்திருக்கும் ரசாயனம் உணவில் இறங்க வழியாகிறது. 14 மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்தவர் முதலில் விழுங்குவது அதுவாக இருக்க வேண்டாம்.

வேலை அதிகமாகும், மறைக்கவில்லை. கவர் என்றால் அஸருக்கு முன்பே கட்டி அடுக்கிவிடலாம், வந்தவுடன் எடுத்துக் கொடுக்கலாம். பாத்திரம் என்றால் ஒவ்வொருவருக்கும் நின்று ஊற்ற வேண்டும், வரிசை நீளும். அதற்காக 2 அண்டாவை 2 வாசலில் வைக்கிறோம், ஆண்களுக்கு முன்வாசல், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பின்வாசல். சிறுபிள்ளைகளிடம் மூடியில்லாத பாத்திரத்தைக் கொடுத்து அனுப்பாதீர்கள், சூடான கஞ்சி காலில் கொட்டினால் பெரிய துன்பம். மூடி இறுக்கமான தூக்காக இருக்கட்டும். திரும்பி வரும் வாளிகளை வெந்நீரில் கழுவ 6 இளைஞர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் 6 பேர் தேவை. கைத்தொழில் வகுப்புப் பெண்கள் தைத்த சாக்குப் பைகள் 40 ரூபாய்க்கு வாசலில் இருக்கும், தூக்குவாளி சரியாக உட்காரும் அளவில் அடிப்பாகம் வைத்துத் தைத்திருக்கிறார்கள்.

இஃப்தாருக்கு வரும் பேரீச்சம்பழ டப்பாக்களைத் தூக்கிப் போட வேண்டாம். அலுவலகத் திண்ணையில் 3 சாக்கு கட்டித் தொங்கவிடுகிறோம், டப்பா ஒன்றில், பால் கவர் ஒன்றில், அட்டையும் பேப்பரும் ஒன்றில். வாரம் ஒருமுறை நம் மஹல்லாவைச் சேர்ந்த பழைய பேப்பர் கடைக்காரர் எடை போட்டு எடுத்துக்கொள்வார், பணம் பைத்துல்மாலில் சேரும், எவ்வளவு என்று மாதாமாதம் இந்த இதழிலேயே போடுவோம். ஈரமானது, சோறு ஒட்டியது போட்டால் அவர் சாக்கோடு விட்டுவிட்டுப் போய்விடுவார் என்று இப்போதே சொல்லிவிட்டார்.

தூக்குவாளிக்கு எண் பதிவு அடுத்த ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு தொடங்கும். அறைகளில் தங்கியிருக்கும் வெளிமாநிலத் தம்பிகளிடம் இதை இந்தியில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும், உர்தூ பேசும் சகோதரர்கள் முன்வாருங்கள். பிற்பகுதி ரமலானில் சஹர் சாப்பாடு கொடுக்கும் இரவுகளுக்கு என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. அத்தனை பேருக்கும் தட்டு போதாது, வாழை இலை என்றால் செலவு கூடுகிறது. மந்தாரை இலை தைத்துத் தரும் ஆள் தெரிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.